பித்தக்குழாய்ப் புற்றுநோய்: மருந்துக்கு முன் ஒரு பரிசோதனை

(மாளிகாவத்தையில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவர்.)



ஒரு புதிய மருந்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். அதன் பெயர் ஸானிடாட்டமாப். கடையில் வரும் பெயர் ஸீஹேரா. 2024 நவம்பர் 20ஆம் திகதி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது. மறுவருடம் சீனாவும் ஐரோப்பிய ஒன்றியமும் நிபந்தனையோடு அனுமதித்தன. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி நம்மிடம் வந்து சேரும்போது, "பித்தக்குழாய்க் கான்சருக்கு மருந்து வந்துவிட்டது" என்று சுருங்கிவிட்டது. வந்தது உண்மைதான். யாருக்கு வந்திருக்கிறது என்ற பாதியை யாரும் அனுப்பவில்லை. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்தப் பாதியைப் பற்றித்தான்.

முதலில் நோயைப் பார்ப்போம். இந்தப் பகுதி மக்களுக்குச் சிறுநீரகத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சிறுநீரக ஆஸ்பத்திரி நம் மாளிகாவத்தையிலேயே இருக்கிறது. டயலிசிஸ், கிரியாட்டினின் என்ற சொற்களெல்லாம் தேத்தண்ணிக் கடையில் அடிபடுகின்றன. ஈரலும் பித்தமும் அப்படி இல்லை. பித்தம் என்றால் தலைசுற்றலுக்கும் வாய்க்கசப்புக்கும் நாம் வைத்திருக்கும் பெயர், அவ்வளவுதான்.

ஈரல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லீட்டர் பித்தநீர் சுரக்கிறது. ஈரலின் வலப் பக்கத்திலிருந்தும் இடப் பக்கத்திலிருந்தும் இரண்டு குழாய்கள் புறப்பட்டு, ஈரலின் வாசலில் ஒன்று சேர்ந்து, கீழே இறங்கி, கணையத்தின் தலையைத் துளைத்துக்கொண்டு சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கின்றன. போகிற வழியில் பித்தப்பை ஒரு கிளையாகத் தொங்குகிறது. இந்தக் குழாயின் உள்சுவரில் தோன்றுவதுதான் பித்தக்குழாய்ப் புற்றுநோய். ஈரலுக்குள்ளே இருக்கும் சிறு குழாய்களில் வரலாம், இரண்டு குழாய்களும் சேரும் சந்தியில் வரலாம், கீழே வெளிக்குழாயிலும் வரலாம். பித்தப்பைப் புற்றுநோயையும் வைத்தியர்கள் இதே குடும்பத்தில் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

குழாய் விரலளவுகூட இல்லை. ஆகவே சின்னக் கட்டியே அதை அடைத்துவிடும். அடைபட்ட பித்தம் இரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடும் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகும், மலம் வெளுக்கும், இரவில் தூங்கவிடாமல் உடம்பெல்லாம் அரிக்கும். பெரும்பாலும் நோவு இருக்காது. இந்த நோவில்லாமைதான் ஆபத்து. செங்கமாரி என்று சொல்லி நாம் கீழாநெல்லி அரைக்கிறோம், தண்ணி ஓதிக் குடிக்கக் கொடுக்கிறோம், உப்பையும் எண்ணெயையும் நிறுத்துகிறோம்.

கீழாநெல்லியை நான் கேலி செய்யவில்லை. கிருமியால் வரும் செங்கமாரியில் பெரும்பாலானது, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு வருவது, சில கிழமைகளில் தானாகவே தணிந்துவிடும். அப்படித் தணிந்தபோதெல்லாம் அந்தப் பெருமையைக் கீழாநெல்லி எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை அப்படித்தான் வலுப்பட்டது. அடைப்பினால் வரும் செங்கமாரிக்கு அந்தச் சலுகை இல்லை. அது தானாகக் குறையாது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு, காய்ச்சலும் இல்லாமல் நோவும் இல்லாமல் கண் மஞ்சளானால், அந்தக் கிழமையிலேயே ஒரு இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுக்க வேண்டும். இரண்டும் அரச ஆஸ்பத்திரியில் கிடைப்பவை. சனல் பண்ணித்தான் பார்க்க வேண்டும் என்றில்லை.

ஏன் வருகிறது? பல பேருக்குக் காரணம் சொல்ல முடிவதில்லை. பித்தக்குழாயில் நெடுங்காலம் நீடிக்கும் அழற்சி ஒரு காரணம். தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் பகுதியில், ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்திச் சாப்பிடுவார்கள். அந்த மீனிலிருக்கும் ஒரு தட்டைப்புழு ஈரல் குழாயில் குடியேறி ஆண்டுக்கணக்கில் வாழும். உலகத்திலேயே இந்தப் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள இடம் அதுதான். நாம் மீனைக் கொதிக்கக் கொதிக்க ஆணம் காய்ச்சிச் சாப்பிடுகிறவர்கள், அந்த வழி நமக்கு இல்லை.

இன்னொரு கதை ஜப்பானின் ஒசாகா நகரத்தில் நடந்தது. அங்கே ஓர் அச்சகத்தில் வேலை செய்த இளைஞர்கள், முதுமையில் வரவேண்டிய இந்த நோயோடு ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். விஷயம் 2012இல் வெளியே வந்தது. காற்றோட்டமில்லாத அறையில் அச்சு உருளைகளில் படிந்த மையைத் துடைக்க அவர்கள் பயன்படுத்திய டைகுளோரோபுரொப்பேன் என்ற கரைப்பான்தான் காரணம் என்று தெரிந்தது. 2014இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் பஞ்சிகாவத்தை. மோட்டர் பாகங்களின் கிரீஸ் கழுவுகிற தம்பிமார் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். நீங்கள் பாவிப்பது அதே திரவம் என்று நான் சொல்லவில்லை. பீப்பாயில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். கதவை மூடிக்கொண்டு கழுவாதீர்கள்.

இனி சிகிச்சை. முழுதாகக் குணமாக்கக்கூடியது சத்திரசிகிச்சை ஒன்றுதான். கட்டி எட்டிய தூரத்தைப் பொறுத்து ஈரலின் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். பெரிய வேலை அது. நம் நாட்டில் ராகமையிலும் கொழும்பிலும் அதற்குப் பழகிய பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் நோய் கண்டுபிடிக்கப்படும்போது வெட்டக்கூடிய நிலையில் இருப்பவர்கள் சிறு பங்குதான். மற்றவர்களுக்கு எண்டோஸ்கோப் வழியாகக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறப்பார்கள். மஞ்சள் இறங்கும், அரிப்பு நிற்கும், சாப்பிட மனம் வரும். அதைப் பார்த்துவிட்டு, "வாப்பாவுக்குச் சுகமாயிட்டுது, இனி என்னத்துக்குக் கிளினிக்" என்று வீட்டிலே இருந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. அடைப்புத்தான் திறந்திருக்கிறது, கட்டி அங்கேயே இருக்கிறது.

அதன் பிறகு மருந்து. 2010இல் பிரித்தானியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, ஜெம்சிட்டபினோடு சிஸ்பிளாட்டினையும் சேர்த்துக் கொடுத்தால் சராசரி ஆயுள் எட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குக் கிட்ட நீளும் என்று காட்டியது. அடுத்த பன்னிரண்டு வருடம் அதுதான் கடைசிச் சொல். 2022 செப்டெம்பரில் அதோடு டுர்வலுமாப் என்ற மருந்தைச் சேர்க்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023இல் பெம்ப்ரோலிசுமாப் வந்தது. இவை இரண்டும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற பிறபொருளெதிரிகள். சராசரியாகப் பார்த்தால் கிடைத்தது சில கிழமைகள்தான். ஆனால் சராசரி இங்கே முழு உண்மையையும் சொல்வதில்லை. டுர்வலுமாப் ஆய்வில் இரண்டு வருடத்தின் முடிவில் உயிரோடு இருந்தவர்கள், பழைய மருந்து மட்டும் பெற்றவர்களில் பத்தில் ஒருவர். புதியதையும் சேர்த்துப் பெற்றவர்களில் நாலில் ஒருவர். கொஞ்சப் பேருக்கு நிறையப் பலன், நிறையப் பேருக்குக் கொஞ்சப் பலன்.

பிறபொருளெதிரி என்ற சொல் எங்கள் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ளதுதான். கிருமி வந்தால் அதைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதம். ஒரே குறியை மட்டும் பிடிக்கும் ஒரே மாதிரியான பிறபொருளெதிரியை ஆய்வுகூடத்தில் வேண்டிய அளவு உண்டாக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெயரின் கடைசியில் "மாப்" என்று முடிகிற மருந்துகளெல்லாம் அந்த வழியில் வந்த பிள்ளைகள். அவற்றில் நம் நாட்டில் பலருக்கும் பழக்கமானது டிரஸ்டுசுமாப். மார்பகப் புற்றுநோய்க்கு மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அதைப் பெற்றவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

டிரஸ்டுசுமாப் பிடிக்கிற குறிக்குப் பெயர் ஹெர்-2. கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதம் அது. "பிரி, பெருகு" என்ற கட்டளையை உள்ளே அனுப்புவது அதன் வேலை. இதைச் சொல்ல எனக்கு நம் மாடிவீடுகள்தான் ஞாபகம் வருகின்றன. ஒரு கதவுக்கு ஓர் அழைப்பு மணி இருக்கும். யாரோ அழுத்தினால் அடிக்கும், உள்ளே இருப்பவர் எழும்பி வருவார். ஒரே கதவில் நூறு மணியைப் பொருத்தி, யாரும் அழுத்தாமலே அவை ஒன்றோடொன்று உரசி ராப்பகலாக அடித்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் ஓய்வு கிடையாது. சில புற்றுநோய்க் கலங்களில் ஹெர்-2 அப்படித்தான் அளவுக்கு மீறிக் கிடக்கிறது. 1987இல் கலிபோர்னியாவில் டெனிஸ் ஸ்லேமன் என்ற வைத்தியர், மார்பகக் கட்டியில் இந்த மரபணு பெருகியிருந்தால் நோய் வேகமாகத் திரும்புகிறது என்று எழுதினார். பதினொரு வருடம் கழித்து, 1998இல், டிரஸ்டுசுமாப்புக்கு அனுமதி கிடைத்தது.

அதே மணி சில பித்தக்குழாய்க் கட்டிகளிலும் உண்டு என்பதைப் பிறகு கண்டார்கள். எல்லாவற்றிலும் இல்லை. ஈரலுக்குள்ளே தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். ஈரலுக்கு வெளியே உள்ள குழாயிலும் பித்தப்பையிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

ஸானிடாட்டமாப் இந்த ஹெர்-2ஐத்தான் பிடிக்கிறது. புதுமை எங்கே என்றால், அதற்கு இரண்டு கைகளும் இரண்டு விதம். சாதாரண பிறபொருளெதிரியின் இரண்டு கைகளும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். இதில் ஒரு கை டிரஸ்டுசுமாப் பிடிக்கும் இடத்தைப் பிடிக்கிறது. மற்றக் கை பெர்ட்டுசுமாப் என்ற இன்னொரு மருந்து பிடிக்கும் இடத்தைப் பிடிக்கிறது. ஒரே மூலக்கூறு இரண்டு ஹெர்-2களை இழுத்துக் கட்டும், அவை இன்னும் இரண்டோடு கட்டப்படும். இப்படிக் கலத்தின் மேற்பரப்பில் குறிகள் கொத்தாகச் சேர, கலம் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே கட்டளை அனுப்ப ஆள் குறையும். அதோடு உடம்பின் காவல் கலங்களும் அந்தக் கொத்தை அடையாளம் கண்டு தாக்கும். இதை உருவாக்கியது கனடாவின் வன்கூவரில் உள்ள ஸைம்வர்க்ஸ் நிறுவனம். விற்கிற உரிமை ஜாஸ் ஃபார்மசூட்டிகல்ஸிடமும், ஆசியாவின் பல நாடுகளுக்குச் சீனாவில் தொடங்கிய பெய்ஜீனிடமும் போனது.

எவ்வளவு வேலை செய்கிறது? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். ஆய்வு ஒன்பது நாடுகளில் நடந்தது. முக்கியக் குழுவில் 80 பேர். எல்லோரும் ஏற்கெனவே ஜெம்சிட்டபின் பெற்று, அது கைவிட்டவர்கள். எல்லோருடைய கட்டியிலும் ஹெர்-2 மரபணு பெருகியிருந்தது. அவர்களில் 33 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 41 பேருக்கு, கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஆனால் கட்டியின் சதைத்துண்டில் ஹெர்-2ஐக் காட்டும் சாயம் எவ்வளவு அழுத்தமாகப் பிடித்தது என்பதை வைத்து அந்த 80 பேரையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சாயம் மிக அழுத்தமாகப் பிடித்தவர்கள் 62 பேர். அவர்களில் 32 பேருக்குச் சுருங்கியது. சாயம் நடுத்தரமாகப் பிடித்தவர்கள் 18 பேர். அவர்களில் சுருங்கியது ஒரே ஒருவருக்கு.

ஆகவே அமெரிக்க அனுமதி முதல் வகையினருக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோருக்குப் பலன், பலன் கிடைத்தவர்களில் அது நின்ற காலம் நடுமதிப்பில் 14.9 மாதம். இரண்டாம் கட்டச் சிகிச்சையில் இதற்கு முன் வைத்தியர்கள் கண்டுவந்த பலனோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். அதே நேரம் இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்து பெற்ற குழு இல்லை. அதனால்தான் அனுமதியும் துரித அனுமதி, உறுதிப்படுத்தும் ஆய்வு முடிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த ஆய்வில் ஸானிடாட்டமாப்பை முதல் கட்டத்திலேயே மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். இது நோயை வேரோடு எடுக்கிற மருந்து என்று அதைச் செய்தவர்களே சொல்லவில்லை. காலத்தை வாங்கித் தருகிறது. ஒரு மகளின் நிக்காஹ்வைக் கண்ணால் பார்க்கிற காலம் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

கொடுப்பது எப்படி என்று தாய்மார் கேட்டிருந்தீர்கள். சேலைன் ஏற்றுவது போல நரம்பு வழியாக, இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அளவு உடல் எடைக்கு ஏற்றபடி கிலோவுக்கு 20 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,200 மில்லிகிராம், அதாவது 300 மில்லிகிராம் குப்பி நான்கு. முதல் இரண்டு தடவையும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மெதுவாக ஏற்றுவார்கள். குளிர், நடுக்கம், மூச்சுத்திணறல் வரலாம் என்பதால், தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே பரசிட்டமோலும் ஒவ்வாமைக்கான மருந்தும் ஸ்டெரொயிட்டும் கொடுப்பார்கள். உடம்பு தாங்கினால் பிறகு ஒரு மணி நேரத்தில் முடியும். அதிகம் வரும் தொல்லை வயிற்றோட்டம். ஹெர்-2 இதயத் தசைக்கும் வேண்டிய புரதம். ஆகவே தொடங்குமுன்னும் இடையிடையேயும் எக்கோ எடுத்து இதயம் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் குழந்தைக்குத் தீங்கு, ஆகவே இளம் பெண்கள் சிகிச்சையின்போதும் அதற்குப் பின் நாலு மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. முடி கொட்டுமா என்று கேட்கிறீர்கள். கீமோவில் கொட்டுவது போல அல்ல.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் முற்றத்தில் யாராவது ஒருவர் நிற்கிறார். கையில் லெமினேட் செய்த வைத்தியக் கடிதம். 138 பஸ்ஸில் ஏறினாலும் அதே கடிதம். வெளிநாட்டு மருந்துக்கு இத்தனை இலட்சம் தேவை என்று கடைசி வரியில் இருக்கும். நம் சனங்கள் கொடுக்காமல் போவதில்லை. அந்தக் கடிதங்களை நான் வாசிக்காமல் காசு போடுவதில்லை. அது என் தொழில் பழக்கம். நான் கண்ட பல கடிதங்களில் நோயின் பெயர் இருக்கிறது, மருந்தின் பெயர் இருக்கிறது, அந்த மருந்து இந்த ஆளுக்கு ஏற்றதா என்று காட்டும் பரிசோதனையின் பெயர் இல்லை.

இப்படிப்பட்ட குறிபார்த்த மருந்துக்கு அந்தப் பரிசோதனை இல்லாமல் காசு சேர்ப்பதில் பொருளே இல்லை. மேலே சொன்ன கணக்கை வையுங்கள். ஈரலுக்குள் தோன்றிய கட்டி உள்ள நூறு பேர் வீடு வீடாகக் காசு சேர்த்தால், தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கு எந்த வேலையும் செய்யாத மருந்துக்குச் சேர்க்கிறார்கள். வீட்டு உறுதியை அடகு வைத்தாவது. அதில் எனக்குக் கோபமும் உண்டு. கோபம் குடும்பங்களின் மேல் இல்லை. விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்காத நம் தொழிற்காரர்கள்மேல்.

பரிசோதனை இதுதான். கட்டியிலிருந்து எடுத்த சதைத்துண்டை மெழுகில் பதித்து வைப்பார்கள். லெப்பில் அதற்குப் பெயர் புளொக். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, ஹெர்-2 இருந்தால் கபில நிறம் பிடிக்கிற சாயத்தைப் போடுவார்கள். நிறமே இல்லையென்றால் பூச்சியம், கலத்தைச் சுற்றி முழுதாக அழுத்தமாகப் பிடித்தால் மூன்று. மூன்று வந்தவர்களுக்குத்தான் இந்த மருந்து. மார்பகப் புற்றுநோய்க்கு இது நம் நாட்டில் நாளாந்தம் நடக்கிற சோதனை, புதிதாக இயந்திரம் இறக்கத் தேவையில்லை. வைத்தியர் எழுத வேண்டும், அவ்வளவுதான். நோயாளியின் ஆட்கள் "டொக்டர், புளொக்கில் ஹெர்-2 பார்க்க முடியுமா" என்று கேட்டால் அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஒரு தடங்கல் உண்டு. பித்தக்குழாய்க் கட்டியைப் பல நேரம் எண்டோஸ்கோப் வழியாகத் தூரிகையால் தேய்த்துக் கலங்களை எடுத்துத்தான் உறுதி செய்கிறார்கள். புற்றுநோய் என்று சொல்ல அது போதும், இந்தச் சாயச் சோதனைக்குப் பெரும்பாலும் போதாது. ஆகவே முதல் தடவையே சதைத்துண்டு எடுக்க முடியுமா என்று கேட்பது நல்லது. பிறகு இரண்டாம் முறை ஊசி குத்துகிற நேரம் உடம்பு தாங்காமல் போகலாம்.

நம் சனங்கள் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் வெளியே தேடத் தேவையில்லை. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நிதி திரட்டும் நடைபயணம் போனார்கள்; சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் போட்ட காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது. 2016இல் திரும்பிப் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தது காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்காக. அதே வருடம், தன் மகனைப் புற்றுநோய்க்குக் கொடுத்த ஒரு கொழும்புத் தகப்பனார் கதீஜா பவுண்டேஷன் மூலம் மஹரகமவுக்குப் பெட் ஸ்கேன் வாங்கத் தொடங்கிய சேகரிப்பில் இருபது கோடி ரூபாவுக்கு மேல் சேர்ந்தது. பிச்சைக்காரர்கள்கூடக் காசு போட்டார்கள். இவையெல்லாம் ஒரு ஆளின் ஒரு குப்பிக்காக இல்லை, ஆயிரம் பேர் பாவிக்கிற ஒரு சாமானுக்காகச் சேர்த்தவை. பரிசோதனைக் கூடத்துக்குச் சாயம் வாங்கிக் கொடுக்க யாரும் ஊர்வலம் போவதில்லை. போகலாம் என்று நான் நினைக்கிறேன்.

குப்பியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மருந்தாளர் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போனால் நான் இங்கே வந்ததே வீண். பிறபொருளெதிரி என்பது புரதம். 2 முதல் 8 பாகை செல்சியஸில், குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். உறையவும் கூடாது, சுடவும் கூடாது. சென்னையில் வாங்கி, சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே வைத்து, கட்டுநாயக்கவில் இறங்கி, வாகன நெரிசலில் மூன்று மணித்தியாலம் கிடந்து வந்த குப்பி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே புரதம் குலைந்திருப்பதை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. நோயாளிக்கு ஏற்றியும் பலனில்லாமல் போனால், "மருந்து கேட்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடுவார்கள்.

போலியும் உண்டு. 2023இல் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இம்யூனோகுளோபியூலின் என்ற பெயரில் அரச ஆஸ்பத்திரிகளுக்கு வந்த குப்பிகளை ஏற்றிய நோயாளிகளுக்கு ஒவ்வாமை வந்தது. பார்த்தால் மருந்து தரமில்லாதது, காட்டிய ஆவணங்களும் போலி என்று விசாரணை போனது. அதுவும் பிறபொருளெதிரிதான், மனித இரத்தத்திலிருந்து திரட்டுவது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதற்கு மேல் நான் பேசமாட்டேன். 2022இல் மருந்தில்லாமல் பேராதனை ஆஸ்பத்திரி வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்ததையும் பார்த்தோம். தட்டுப்பாடு வந்தால் அவசரக் கொள்வனவு வரும், அவசரக் கொள்வனவு வந்தால் கதவு திறக்கும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிரஸ்டுசுமாப்பும் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற நாடுகள் கிட்ட நெருங்க முடியாத மருந்துதான். 2014இல் இந்தியாவின் பயோகொன் நிறுவனம் அதன் ஒப்புருவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 440 மில்லிகிராம் குப்பி இந்திய ரூபாவில் 57,500, அசலைவிடக் கால் பங்கு குறைவு. 2015இல் உலக சுகாதார அமைப்பு டிரஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் ஒப்புரு ஒன்றுக்குத் தரச்சான்றும் கொடுத்தது. போட்டி கூடக்கூட விலை இறங்கியது. ஸானிடாட்டமாப்புக்கு அந்த நாள் கிட்டத்தில் இல்லை. அமெரிக்கச் சட்டப்படியே இப்படிப்பட்ட மருந்துக்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்து 12 வருடம் ஒப்புரு வர முடியாது.

அதுவரை என்ன செய்வது? இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு ஐம்பது வருடத்துக்கு முன்னரே ஒருவர் பதில் எழுதினார், பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். எது தேவை என்று முதலில் தீர்மானி, வியாபாரப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் கேள், நாடு முழுவதுக்கும் சேர்த்து ஒரே கையால் வாங்கு. இவ்வளவுதான் அவருடைய சூத்திரம். பெரிய கம்பனிகள் அவரை விரும்பவில்லை. 1977இல் கயானாவில் காலமானார். அதே வருடம்தான் உலக சுகாதார அமைப்பின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளிவந்தது. புற்றுநோய்க்கான குறிபார்த்த மருந்துகளுக்கும் அவருடைய முதல் படியே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். வருடத்துக்கு எத்தனை பித்தக்குழாய் நோயாளிகளின் புளொக்கில் சாயம் மூன்று வருகிறது என்று நாடு எண்ணி வைத்திருந்தால்தான், இத்தனை பேருக்கு வேண்டும் என்று கம்பனியிடம் உட்கார்ந்து விலை பேசலாம். எண்ணாதவர்கள் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே குறியைப் பிடிக்கும் வேறு மருந்தும் வந்துவிட்டது. டிரஸ்டுசுமாப் டெருக்ஸ்டெக்கான் என்று பெயர். பிறபொருளெதிரியின் முதுகில் கீமோ மருந்தை ஏற்றி அனுப்புவது. எந்த உறுப்பில் தோன்றிய கட்டியானாலும் சாயம் மூன்று என்றால், முன்பு சிகிச்சை பெற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கும் வாசல் அதே புளொக்தான்.

நேரம் போய்விட்டது. மேசைக்கு வந்த துண்டுகளில் இரண்டுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

முதல் துண்டு: இந்தச் சிகிச்சை எடுக்கிறவர் நோன்பு பிடிக்கலாமா? வயிற்றோட்டம் இருக்கும்போது உடம்பில் தண்ணீர் வற்றும், பித்தக்குழாயில் ஸ்டென்ட் உள்ளவருக்குக் கிருமி தொற்றினால் சில மணித்தியாலத்தில் காய்ச்சல் ஏறும். மருந்து ஏற்றுகிற நாட்களில் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மற்ற நாட்களுக்கு உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்திருக்கிற சலுகையை ஆலிம்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இரண்டாவது: "எங்கள் உம்மாவின் புளொக் மூன்று வருடத்துக்கு முந்தியது. இப்போதும் சோதிக்கலாமா?" பெரும்பாலும் சோதிக்கலாம். மெழுகில் பதித்த சதை வருடக்கணக்கில் கெடாது. அதற்குப் பிறகு வேறு இடத்தில் சதைத்துண்டு எடுத்திருந்தால் புதியதைக் கொடுப்பது இன்னும் நல்லது. புளொக் வீட்டில் இருக்காது, சத்திரசிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் லெப்பில் இருக்கும். பத்தோலொஜி ரிப்போட்டின் மேலே ஓர் இலக்கம் இருக்கும், அதைச் சொல்லிக் கேட்டால்தான் தேடி எடுப்பார்கள். ரிப்போட் தொலைந்திருந்தால் கிளினிக் கொப்பியில் சத்திரசிகிச்சை நடந்த திகதியைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.